நீரில் கூடிய சபை

கொச்சி மட்டாஞ்சேரியில் அரசரின் அரண்மனையும் யூதர்களின் பரதேசி தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. தேவாலயம் எழுந்த ஆண்டு 1568. கொங்கணியரும் இங்கே வாழ்வு பெற்றனர். அந்நியருக்கு அடைக்கலம் தந்த இந்நாடு, தன் சொந்தப் புதல்வர்களான புலையர்களுக்குக் கூடி நிற்கவும் இடம் மறுத்தது. 1892-இல் எர்ணாகுளம் வந்த சுவாமி விவேகானந்தர், மலையாள நாட்டின் ஜாதிக் கொடுமையைப் பின்னாளில் பித்தர் விடுதிக்கு ஒப்பிட்டுக் கடிந்துரைத்தார்.

இம்முரண்பாட்டின் நடுவே 1885-இல் சேரானல்லூரில் மீனவர் குலத்தில் தோன்றியவர் கவிஞர் பண்டிட் கருப்பன். கொடுங்ஙல்லூரில் சம்ஸ்கிருத காவியங்களைப் பயின்ற அவர், கொச்சி மகாராஜாவின் ஆதரவால் உயர்கல்வி பெற்றார். ஆசிரியப் பணியேற்று, பின்னாளில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் மலையாள விரிவுரையாளரானார்.

அவரது 'ஜாதிக்கும்மி' 1912-இல் வெளிவந்தது. அதன் கரு, காசியில் ஆதிசங்கரர் சண்டாளனைச் சந்தித்த நிகழ்ச்சி. 'விலகிப் போ' என்றவரிடம் எழுந்த எதிர்க்கேள்வி இதுவே: விலக வேண்டியது உடலா, ஆன்மாவா? உடல்கள் யாவும் ஒரே அன்னத்தால் ஆனவை. ஆன்மாவோ எங்கும் நிறைந்தது. பண்டிதர்களிடையே நின்றுவிட்ட இவ்வேதாந்த விசாரத்தைக் கருப்பன் கும்மி மெட்டில் அமைத்தார். எழுத்தறியாதவரும் கேட்டுப் பாடினர். அத்வைதம் குடிசை வாசலை அடைந்தது.

1913-இல் புலையர் சங்கம் அமைக்க முயன்றபோது, நிலத்தில் இடம் கிடைக்கவில்லை. வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, கொச்சிக் காயலின் மீதே சபை கூடியது. அதற்குத் துணை நின்றவர்களில் முதன்மையானவர் கருப்பன். நிலத்திற்கு உரிமையாளர் உண்டு. நீரை யார் வேலியிட இயலும்?

1925-இல் கொச்சி சட்டசபையின் நியமன உறுப்பினராகி, ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகவும் முன்னேற்றத்திற்காகவும் குரல் கொடுத்தார். 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் எல்லா ஜாதி இந்துக்களுக்கும் திறந்தன. கொச்சியில் அவை திறக்கும் முன்னரே, 1938-இல் கருப்பன் மறைந்தார்.

விளைவைக் காணாமலே உழைப்பது எங்ஙனம்? அவரது நம்பிக்கை காலத்தின் போக்கை நோக்கி எழுந்ததன்று. ஆன்மா ஒன்றே என்னும் சத்தியத்தில் வேரூன்றியது. என்றும் உள்ளதாகிய ஒருமையை மறைக்கும் திரையை விலக்குவதே அவர் கண்ட தேசப்பணி.

சாதகன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: அத்வைதம் என் நாவில் நிற்கிறதா, நடத்தையில் இறங்கியதா? நம் இல்லத்தில் பணிபுரிபவர் அமரும் இடமும், அவருக்கு நாம் நீர் தரும் பாத்திரமும் அதற்கு விடை கூறும்.