சத்தமில்லாமல் குளிரட்டும் நம் கம்ப்யூட்டர்!

இந்த மாதச் சுவரிதழில் கம்ப்யூட்டருக்குள்ளே சுற்றும் ஒரு சின்ன ஃபேனைப் பற்றி எழுதுகிறேன். "இதுல எழுத என்ன இருக்கு?"ன்னு நினைக்காதீங்க. அந்த ஃபேனால எங்க அப்பா ஒரு மாசம் சரியாத் தூங்கல.

எங்க வீடு தறிக்குடோனை ஒட்டின லைன் வீடு. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. அப்பா நைட் ஷிப்ட்டில் தறி ஓட்டுகிறார். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல்தான். ராத்திரி பூரா அதைக் கேட்ட காதுக்குப் பகல்லதான் ஓய்வு.

அக்கா அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறாள். டேலி பழக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். பகலில் அதைப் போட்டால் பத்தே நிமிஷத்தில் ஃபேன் "கொய்ங்"ன்னு கத்தும். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானாவே ஆஃப் ஆயிடும். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். பாயைச் சுருட்டிக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிடுவார். அதைப் பார்த்துட்டு அக்கா கம்ப்யூட்டரைத் தொடறதையே விட்டுட்டா. அப்புறம்தான் நாங்க ரெண்டு பேரும் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் சூடாகிறது?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். எங்களுடையது 65 வாட். ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டால் கை சுடும் இல்லையா? அந்த அளவு வெப்பம் தீப்பெட்டியை விடச் சின்ன இடத்தில் உண்டாகிறது!

இந்த வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பதுதான் ஹீட்சிங்க். ஸ்ப்ளெண்டர் வண்டி எஞ்சினில் பட்டை பட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தறி மோட்டாரின் உடம்பிலும் அப்படித்தான் இருக்கும். பட்டை அதிகமானால் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் வெப்பம் சீக்கிரம் காற்றுக்குப் போகும். அந்தக் காற்றைத் தள்ளிவிடுவதுதான் ஃபேனின் வேலை.

ஒரு சின்னக் கணக்கு

ஒவ்வொரு ஹீட்சிங்குக்கும் ஒரு வெப்பத்தடை உண்டு. ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பதே அது.

பிராசசரின் சூடு = அறையின் சூடு + (வாட் × வெப்பத்தடை)

நம்ம ஊர் கோடையில் அறை 36 டிகிரி, வெப்பத்தடை 0.5 என்று வைத்துக்கொள்வோம். 36 + (65 × 0.5) = 68.5 டிகிரி. கவலை இல்லை. பஞ்சு அடைத்து வெப்பத்தடை 1 ஆகிவிட்டால்? 36 + 65 = 101 டிகிரி! பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தற்காப்புக்காக அணைந்துவிடும். எங்க வீட்டில் நடந்தது இதுதான்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஹீட்சிங்க் மேலே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்று போக வழியே இல்லை. பாவம், ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்?

பெரிய ஃபேன், மெதுவான சுற்று

சுத்தம் செய்ததும் ஆஃப் ஆவது நின்றது. ஆனால் ஃபேன் பழசாகித் தேய்ந்ததால் சத்தம் முழுசாகப் போகவில்லை. புதுசு வாங்க வேண்டி வந்தது.

சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். வேகம்தான் சத்தத்துக்குக் காரணம். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும்.

குறைந்த காற்றை ஈடுகட்டுவது எப்படி? ஃபேனைப் பெரிசாக்க வேண்டும். ஒரே அமைப்பு, ஒரே வேகம் என்றால் 80 மி.மீ. ஃபேனை விட 120 மி.மீ. ஃபேன் 1.5 × 1.5 × 1.5 = 3.375 மடங்கு காற்றைத் தள்ளும். குளிர்ச்சி வேண்டும் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கணும்னு நான் நினைத்திருந்தேன். அது தப்பு. பெரிய ஹீட்சிங்கும் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனும் சேர்ந்தால் இரண்டுமே கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. வாட்: ஹீட்சிங்க் தாங்கும் வாட், பிராசசரின் வாட்டை விட நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும்.

2. சாக்கெட்: எங்க போர்டு எல்ஜிஏ 1155. அதன் துளைகளின் இடைவெளி 75 மி.மீ. 1150, 1151, 1200 ஆகியவற்றுக்கும் அதேதான். பழைய 775-க்கு 72 மி.மீ., 1700-க்கு 78 மி.மீ. மாற்றி வாங்கினால் பொருந்தாது.

3. உயரம்: கடையில் காட்டிய ஒரு பெரிய கூலர் 159 மி.மீ. எங்க பெட்டியில் இருந்த இடம் 145 மி.மீ.தான். மூடியே போட முடியாது! அக்காவின் டெய்லர் டேப்பால் முன்னாடியே அளந்து போனதால் தப்பித்தோம்.

4. ஹீட் பைப்: இது தாமிரக் குழாய். உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மறுபடி நீராகித் திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் இதைச் செய்து காட்டினார்.

5. பட்டை இடைவெளி: ரொம்ப நெருக்கமான பட்டைகளுக்குள் மெதுவான ஃபேனால் காற்றைத் தள்ள முடியாது. பஞ்சும் சீக்கிரம் அடைக்கும். நம்ம ஊருக்குக் கொஞ்சம் அகலமான இடைவெளிதான் நல்லது.

6. நாலு பின்: நாலு பின் உள்ள ஃபேன் சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். வேலை குறைவாக இருக்கும்போது மெல்லச் சுற்றும்.

நாங்கள் ரெண்டு ஹீட் பைப்பும் 92 மி.மீ. ஃபேனும் உள்ள ஒரு கூலர் வாங்கினோம். 120 மி.மீ. எங்க பெட்டிக்குள் நுழையாது. ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவுதான் ஆச்சு.

தெரியுமா உங்களுக்கு?

2004-இல் வந்த பென்டியம் 4 பிராசசர்களில் சில 115 வாட் வரை சூட்டைக் கக்கின. 2006-இல் வந்த கோர் 2 டியோவில் பல 65 வாட்தான், ஆனால் வேலையில் அதை விடக் கெட்டி! சூடு குறைந்தால் ஃபேனுக்கும் வேலை குறைவு.

மாட்டும் முறை

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் காற்று இருக்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதை நிரப்பத்தான் பேஸ்ட். ஒரு பச்சைப்பயறு அளவு போதும், இட்லி மாவு மாதிரி அப்ப வேண்டாம்! பழைய பேஸ்ட்டைத் துடைக்க பனியன் வேஸ்ட் துணி ஆகாது. அதில் பஞ்சு ஒட்டும். கண்ணாடி துடைக்கும் துணி நல்லது. திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு இது முக்கியம்

எவ்வளவு நல்ல கூலரும் நம்ம பஞ்சுக்கு முன்னால் ஒண்ணும் செய்ய முடியாது. அதனால்,

* பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். பஞ்சு தரையில்தான் சேரும்.
* தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். காற்றே போகாது.
* மாசம் ஒருமுறை வெளியே எடுத்துப் போய் பிளோயரால் ஊதுங்கள். அப்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்ளுங்கள்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கா டேலி போட்டுக்கிட்டு இருந்தா. அப்பா பக்கத்துலயே படுத்திருந்தார். பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "ஏங் கண்ணு, கம்ப்யூட்டரை ஆப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். "இல்லீங்ப்பா, ஓடிக்கிட்டுத்தான் இருக்குது" என்றாள் அக்கா. "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள் (விடை அடுத்த சுவரிதழில்)

1. அறை 32 டிகிரி, பிராசசர் 95 வாட், வெப்பத்தடை 0.4 என்றால் பிராசசரின் சூடு எவ்வளவு?
2. ஃபேனை மட்டும் வைத்துப் பிராசசரை அறையின் சூட்டை விடக் குளிர வைக்க முடியுமா? ஏன்?



ஒன்பதாம் வகுப்பு மாணவி