தில்லைப் பால்

எங்கள் ஊருக்குத் தில்லை என்ற பெயர் ஒரு மரத்தால் வந்தது. ஊருக்குள் இப்போது அதைப் பார்ப்பது அரிது. கிழக்கே பிச்சாவரத்துக்குப் போனால் சுரபுன்னைகளோடு கலந்து நிற்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பதிமூன்று வயதில் எனக்கு இது தெரியாது. கிள்ளைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பனுக்குத் தெரியும். "தொடாதேடா" என்றான். நான் ஒடித்தேன். விளையாட்டாக அவன் முகத்துக்கு நேரே வீசினேன்.

தண்ணீரை அள்ளி அள்ளி அவன் முகத்தில் ஊற்றி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அவன் அப்பா, "எவன் ஒடிச்சது?" என்றார். "அவன்தான்" என்றேன். கண் திறக்க முடியாமல் நின்றவன் முதுகில் அடி விழுந்தது. இந்த மரத்தோடு பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவன் வாய் திறக்கவில்லை. பார்வை தெளியப் பல நாள் ஆயிற்று. காலாண்டுத் தேர்வு போயிற்று. அந்த வருடத்தோடு படிப்பும் போயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது கீழவீதியில் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிள்ளைக்கு ஓடினோம். எம்.ஜி.ஆர். திட்டிலிருந்து வந்தவர்களின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவன் வீட்டில் எல்லோரும் பிழைத்திருந்தார்கள். வலை மட்டும் போயிருந்தது. புது வலைக்குப் பணம் கொடுத்தேன். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். சில வாரங்கள்தான். அவன் நன்றி சொன்ன முகம் நினைவுக்கு வர வர, பழைய பொய்யோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டதாகவே பட்டது. குற்றத்தைச் சொல்லாமல் செய்யும் உதவி நம்மை நல்லவனாகக் காட்டிவிடுகிறது. அதனால் சொல்வது இன்னும் கடினமாகிறது.

பெரியபுராணம் அரங்கேறியது எங்கள் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான்: சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுந்தரருக்குக் கண் போனது. இறைவனுக்கே தோழர் என்றாலும் விலக்கில்லை. பார்வையும் ஒரே இடத்தில் திரும்பவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றது. நடந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஒரு மார்கழியில் இதைச் சொற்பொழிவில் மறுபடி கேட்டபோது, நான் இன்னும் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை என்று உறைத்தது.

அவனிடம் போவதற்கு முன் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், எழுதிப் பாருங்கள். என் முதல் வரி, "அன்னைக்கு ஏதோ நடந்துபோச்சு" என்று இருந்தது. எதுவும் தானாக நடக்கவில்லை, நான் செய்தேன். ஏழு முறை அடித்து எழுதிய பிறகுதான் "நான் ஒடிச்சேன், நீ ஒடிச்சதா பொய் சொன்னேன்" என்று வந்தது. பழம், இனிப்பு எதுவும் வாங்கிப் போகவில்லை. விருந்தாளியாகப் போனால் அவர்கள் உபசரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சொன்னேன். அவன் பீடியை அணைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே எதுக்குடா சொல்ற? அப்பாகிட்ட சொல்லு" என்றான்.

அதுவரை அது என் மூளைக்கே எட்டவில்லை. பொய்யை எந்தக் காதில் போட்டேனோ அந்தக் காதில் அல்லவா அதைத் திருத்த வேண்டும்?

பெரியவர் திண்ணையில் இருந்தார். எழுதிவைத்த வரியை அப்படியே சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "நீ ஏன்டா அன்னைக்குச் சொல்லல?" என்றார்.

"நீங்க உடனே நம்பிட்டீங்களேப்பா."

என் பொய் அவரையும் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. இத்தனை வருடம் அது அவருக்கே தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. நடுங்கும் கையை மகனின் கண்ணருகே கொண்டுபோனார். நான் எழுந்து தெருவில் போய் நின்றேன்.