சூரைச்செடியின் கீழ் ஓர் உறக்கம்

நோயாளியை இரவு பகலாகப் பராமரிப்போர் சிலர், ஜெபிக்கவும் மனமில்லையே, விசுவாசம் குன்றிவிட்டதோ என எங்களிடம் கலங்குவதுண்டு. அவர்களுக்கு எலியா தீர்க்கதரிசியின் வரலாறு ஆறுதலளிக்கும் (1 இராஜாக்கள் 19).

யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிய எலியா, வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியே வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் சென்று, சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். கர்த்தர் அங்கே அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்கவிட்டார். பின்பு தேவதூதன் தொட்டெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. ஓரேப் மலையில் மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பின்னரே. தனித்துப்போன அவருக்கு எலிசாவும் துணையாகக் கிடைத்தார்.

நம் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் சானடோரியத்தை நிறுவியபோது, காசநோய்க் கிருமியை அழிக்கும் மருந்து இல்லை. ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவையே சிகிச்சையின் அடிப்படை. இன்று மருந்துகள் உண்டு. ஆயினும் ஓய்வும் உணவும் நோயாளிக்கு மட்டுமல்ல, அருகிலிருப்பவருக்கும் தேவை.

ஆகவே, வேளை தவறாது உண்ணுங்கள். சில இரவுகளேனும் பொறுப்பை உறவினரிடம் ஒப்படைத்து உறங்குங்கள். நீண்ட ஜெபம் இயலாதபோது ஒரு வரி போதும். உங்களுக்காகப் பிறர் ஜெபிக்கட்டும். சோர்வும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். சாக வேண்டுமென்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசம். எலியாவும் தம் வேதனையை மறைக்கவில்லை.