பாட்டுப் போடும் ரோபோவுக்குப் பரீட்சை

நமக்குக் காலாண்டு, அரையாண்டு என்று பரீட்சை வந்துகொண்டே இருக்கிறது. ரோபோவுக்கும் பரீட்சை உண்டு என்பது தெரியுமா? அதுவும் மறதி நோய் வந்த பெரியவர்களுக்குப் பாட்டுப் போடும் ரோபோ. அதை எப்படிச் சோதித்தார்கள் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளை மணி அடித்துவிட்டால் மதியம் வந்து மீதியைப் படிங்க.

முதலில் நோயைப் பற்றி. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோனால் அது வேறு. அதற்குத்தான் டிமென்ஷியா என்று பெயர். அது ஒரே ஒரு நோய் அல்ல, பல நோய்களால் வரும் நிலை. அதில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ல் ஒரு கூட்டத்தில் இதை முதன்முதலில் விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் கிடையாது.

சரி, இதில் பாட்டு எங்கே வந்தது? பெயர் மறந்து, ஊர் மறந்து போனவர்களுக்கும் சின்ன வயதில் கேட்ட பாட்டு மறப்பதில்லை என்று பராமரிப்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். 2015-ல் ஜெர்மனியின் லீப்சிக் நகர ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அந்தப் பகுதியைப் பார்த்தார்கள். மற்ற இடங்கள் சுருங்கியிருக்க, அந்தப் பகுதி அவ்வளவாகச் சுருங்கவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்த நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. என்னைப் பார்த்து, "நீ யாரு பெத்த புள்ளப்பா?" என்று கேட்கும். ஆனால் வயலில் நாற்று நடும்போது பாடிய பாட்டில் நான் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், கடகடவென்று கடைசிவரை பாடிவிடும். அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கிற தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாயா மட்டாரிச், அட்ரியானா தபுஸ் முதலிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முடிவுகள் 2009-ல் வெளிவந்தன. ரோபோவின் பெயர் பேண்டிட். இடுப்புக்கு மேல் மனிதர் மாதிரி, கீழே சக்கர வண்டி. கை அசையும், தலை திரும்பும், புருவமும் வாயும்கூட அசையும்.

பெரியவருக்கு எதிரே ஒரு பலகை. அதில் ஐந்து பெரிய பொத்தான்கள். நான்கு பொத்தான்களுக்கு நான்கு பாட்டுகள், அதுவும் அவரவருக்குப் பிடித்த பாட்டுகள். ஐந்தாவது பொத்தான் "நிசப்தம்". பாட்டுத் துண்டுகள் வரிசை மாறி மாறி வரும், நடுநடுவே பாட்டே இல்லாமல் அமைதியும் வரும். எந்தப் பாட்டு ஓடுகிறதோ அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றும் ஓடவில்லை என்றால் நிசப்தத்தை அழுத்த வேண்டும். ஒரு ஆட்டம் 10 முதல் 20 நிமிடம். நோய் முற்றியவர்களுக்குக் குறைந்த நேரம்.

அட, இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீங்க. அந்த ஐந்தாவது பொத்தான்தான் விஷயமே! பொத்தான் தட்டுவது ஜாலியாக இருக்கிறது என்று ஒருவர் சும்மா தட்டிக்கொண்டே இருக்கலாம். பாட்டு நின்றதைக் கவனித்து நிசப்தத்தை அழுத்தினால் அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நம்பலாம். இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து பொத்தானும் சம அளவில் வந்தால், கேட்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் ஐந்தில் ஒன்று சரியாக விழும். அதாவது 20 சதவீதம். எங்கள் வகுப்பில் ஒரு நண்பனின் காதில் பஞ்சை அடைத்து, அட்டையில் வரைந்த பொத்தான்களை 20 முறை தட்டச் சொன்னோம். 5 சரி! பையன் எதையுமே கேட்கவில்லை. ஆகவே யாராவது "எங்கள் ரோபோவோடு விளையாடியவர்கள் 25 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்" என்று பெருமைப்பட்டால், சும்மா தட்டினால் எவ்வளவு வரும் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

பேண்டிட் தானாகவே ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். நன்றாக விளையாடுகிறவர்களுக்குக் குறிப்பே கொடுக்காது. தடுமாறினால் "பொத்தானை அழுத்துங்கள்" என்று மட்டும் சொல்லும். இன்னும் கஷ்டப்பட்டால் எந்தப் பொத்தான் என்றே சொல்லிக் கொடுக்கும். நம்ம ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார்களே, அது மாதிரி. எத்தனை சரி என்பதோடு, அழுத்த எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு வேலை: அதே ரோபோவின் உருவத்தைப் பெரிய திரையில் காட்டி அதே ஆட்டத்தை நடத்தினார்கள். திரையே போதும் என்றால் ரோபோ செலவு எதற்கு? ஆனால் பெரியவர்களுக்கு எதிரே நிற்கிற ரோபோதான் பிடித்திருந்தது.

இப்போது கசப்பான பக்கம். சோதனை 9 பேரோடு தொடங்கியது. எல்லாரும் 70 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் 6 பேர் எதற்கும் பதில் செய்யவே இல்லை. கடைசிவரை நின்றது 3 பேர்தான். மாதக்கணக்கில் நடத்தியது பாராட்ட வேண்டியது. புதுப்பொருள் என்ற மயக்கம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகுதான் உண்மை தெரியும். ஆனாலும் 3 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. 6 பேர் விலகியதை மறைக்காமல் எழுதினார்களே, அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

ஆட்களைக் கூட்டினால் என்ன ஆகும்? இதற்கு வேறொரு ரோபோவைப் பார்க்கலாம். இது பாட்டுப் போடாது, தடவினால் குட்டி சீல் மாதிரி குரல் கொடுக்கும். பெயர் பாரோ. ஜப்பானின் தகனோரி ஷிபாட்டா உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் 28 முதியோர் இல்லங்களில் 415 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பாரோ. இன்னொரு குழுவுக்கும் அதே பாரோதான், ஆனால் சுவிட்சை அணைத்து, வெறும் பொம்மையாக! மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வாரம் 3 முறை, 15 நிமிடம், 10 வாரம். 2017-ல் முடிவு வந்தது. ஓடுகிற பாரோவிடம் பெரியவர்கள் கூடுதலாகப் பேசினார்கள், கூடுதலாகப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது, வீடியோவில் பார்த்தபோது பதற்றம் குறைந்தது. ஆனால் பதற்றத்தை அளக்கும் இன்னொரு கேள்வித்தாளில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. சுவிட்ச் அணைத்த பொம்மையும் சும்மா இல்லை, அதுவும் உணர்ச்சியற்று இருக்கும் நேரத்தைக் குறைத்தது. அணைத்த பொம்மையை யார் யோசித்தார்களோ, அவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது சித்தப்பா, "அப்ப ஒரு மெஷினை வாங்கி வச்சுட்டா ஆத்தாவைப் பார்த்துக்க ஆள் வேண்டாம்ல?" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு மூன்று தடவை எழுந்து அப்பத்தாவைப் பார்ப்பது அம்மாதான். சித்தப்பா கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன எந்தச் சோதனையும் "ஆள் வேண்டாமா" என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. பேண்டிட் ஆட்டத்தில் இசைச் சிகிச்சை தருபவர் ஒருவரும் கூடவே இருந்தார். பாரோவோடு இருந்தது வாரத்துக்கு மொத்தம் 45 நிமிடம். மீதி நேரம் முழுக்கக் குளிக்க வைத்தது, சோறு ஊட்டியது எல்லாம் மனிதர்கள்தான்.

நம் ஊருக்கு இப்படி ஒரு ரோபோ வந்தால், என்னென்ன பாட்டு போடும் என்பதைத்தான் முதலில் கேட்பேன். எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த நடவுப் பாட்டு எந்த கேசட்டிலும் வந்ததில்லை. அதனால் அப்பாவின் செல்போனில் நானே பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 7 பாட்டு ஆகியிருக்கிறது. காலை வேளையில், வெயில் ஏறுவதற்கு முன் கேட்டால் நன்றாகப் பாடுகிறது. சாயங்காலம் கேட்டால் எரிச்சல்படுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பாடுகிற பெரியவர்கள் இருந்தால் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வாங்க, எப்படிப் பதிவு செய்வது என்று காட்டுகிறேன்.