லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஹைபிரிட் கார்: வச்சுக்கலாமா, மாத்தலாமா?

பழனியில இருந்து கொடைக்கானலுக்கு மலை ஏறும் வழியில, அடிவாரத்துல இருக்குற பேரூராட்சி பாலசமுத்திரம். இங்கே கார் வச்சிருக்கிற ஒருத்தருக்கு ஒரு நாள் சமவெளியில கோயம்புத்தூர் பயணம், அடுத்த நாள் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்குற மலைப்பாதை. அந்தக் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஹைபிரிட் வண்டியா இருந்தா, வீட்ல அடிக்கடி வரும் கேள்வி: "பேட்டரி போயிடுச்சுன்னா என்ன பண்றது? இப்பவே மாத்திடலாமா?"

பயத்துல முடிவெடுக்க வேண்டாம். நாலு விஷயங்களை வரிசையா பார்த்தா விடை தானா கிடைச்சிடும்.

முதல் பாடம்: உங்க வண்டி எந்த வகை?

ஹைபிரிட்னு பெயர் இருந்தாலும் எல்லா வண்டியும் ஒண்ணு இல்ல. 2015-ல் வந்த மாருதி சியாஸ் எஸ்.எச்.வி.எஸ். போன்றவை மைல்டு ஹைபிரிட். இவற்றில் மின்சாரம் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யும். வண்டியைத் தனியா ஓட்டாது. இதுல பேட்டரி செலவு பெரிய தலைவலி இல்ல. சாதாரண பெட்ரோல் கார் மாதிரியே கணக்குப் போடலாம்.

கேம்ரி ஹைபிரிட், ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி., கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் ரகம், ஹைக்ராஸ் ஹைபிரிட் போன்றவை ஸ்ட்ராங் ஹைபிரிட். குறைந்த வேகத்தில் பேட்டரியிலேயே ஓடும். 2022-ல் வந்த இந்தத் தலைமுறை வண்டிகளுக்கு ஹைபிரிட் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருதோ அது. அதிகமா ஓட்டுறவங்களுக்கு ஆண்டுக்கு முன்னாடியே கிலோமீட்டர் முடிஞ்சிடும். அதனால 1,50,000-ஐ நெருங்கும்போதே பேட்டரி பரிசோதனை செஞ்சு, அறிக்கையை எழுத்தில் வாங்கி வச்சுக்கோங்க.

இரண்டாம் பாடம்: மலைப்பாதை சொல்லும் உண்மை

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். ஏறும்போது பேட்டரி தீரும், இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தி மின்சாரமா மாறி பேட்டரிக்குள்ள போகும். பிரேக் பேடு தேய்மானம் குறைவா இருக்கக் காரணம் இதுதான். ஆனா நீண்ட இறக்கத்துல பேட்டரி முழுசா நிறைஞ்சதும் இந்தச் சேமிப்பு நின்னுடும். அதுக்கப்புறம் சுமை முழுக்க இன்ஜினுக்கும் சாதாரண பிரேக்குக்கும்தான். கியரில் 'பி' நிலை இருந்தா இறக்கத்துல அதைப் பயன்படுத்துங்க. பேடு தேயலையேன்னு பிரேக் ஆயிலை மாத்தாம விடாதீங்க.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• சார்ஜ் காட்டும் கோடுகள் சில நிமிடத்துல மேலயும் கீழயும் தாவுவது
• சமவெளியில்கூட இன்ஜின் நிக்காம ஓடிக்கிட்டே இருப்பது
• மைலேஜ் திடீர்னு குறைவது
• ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிவது

இதைப் பார்த்த உடனே பேட்டரி போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பல மாடல்களில் பின் இருக்கைப் பக்கம் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கும். அங்கே தூசு அடைச்சாலோ, பையை வச்சு மறைச்சாலோ பேட்டரி சூடாகும். சில நேரம் பழுது சின்ன 12 வோல்ட் பேட்டரியில் இருக்கும். முதல்ல இந்த ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. ஆரஞ்சு நிற ஒயர் இருக்கும் இடத்துல மட்டும் பயிற்சி இல்லாதவங்க கை வைக்கக் கூடாது. அது உயர் மின்னழுத்தம்.

மூன்றாம் பாடம்: காகிதத்துல கணக்கு

ஒரு உதாரணம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். பழைய வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்தா ஆண்டுச் செலவு சுமார் 83,300 ரூபாய். புது வண்டி 23 தந்தா சுமார் 65,200. மிச்சம் 18,100 ரூபாய்.

இப்போ மறுபக்கம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வாழ்நாள் வரிப்படி, 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள புது காருக்கு வரி 18 சதவீதம். 15 லட்சம் ரூபாய் காருக்கு வரி மட்டுமே 2,70,000. பெட்ரோல் மிச்சத்தை வச்சு இந்த வரியை மட்டும் ஈடுகட்டவே ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும்!

கடன் வாங்கினா இன்னும் யோசிக்கணும். 10 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 20,750. அதாவது ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பேட்டரி மாத்த சர்வீஸ் சென்டர் எழுத்தில் தரும் தொகையை இதோட ஒப்பிட்டுப் பாருங்க. அது ஒரு ஆண்டுத் தவணைக்குள்ள அடங்கி, மத்த பாகங்கள் நல்லா இருந்தா, பழைய வண்டியை வச்சுக்கிறதுதான் லாபம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏர்பேக், சேஸிஸ், ஸ்டீயரிங் இதுல குறை இருந்து சரிசெய்ய முடியலைன்னா கணக்கே வேண்டாம். மலைப்பாதையில குடும்பத்தோட போற வண்டி அது.

நான்காம் பாடம்: சட்டம் என்ன சொல்லுது?

"15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சிடணும்" என்பது தவறான தகவல். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு தகுதி ஆய்வில் தேறினா 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2013-ல் பதிவான கேம்ரி ஹைபிரிட்டுக்கு 2028-லும், 2015 சியாஸுக்கு 2030-லும் இந்தக் கட்டம் வரும். டெல்லி தலைநகரப் பகுதிக்குன்னு வந்த தனிக் கட்டுப்பாடுகளை நம்ம ஊர் விதின்னு குழப்பிக்க வேண்டாம்.

புதுப்பிக்க:

1. எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி. முடியும் தேதியைப் பாருங்க.
2. அந்தத் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25 வழியா விண்ணப்பிங்க.
3. காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை ஆய்வுக்குக் காட்டுங்க.
4. 15 ஆண்டு தாண்டிய காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. தாமதமானா மாதம் 500 ரூபாய் கூடும். 20 ஆண்டு தாண்டினா கட்டணம் 10,000.

மாத்துறதுன்னு முடிவானா

விக்கிறவங்க படிவம் 29, 30 கொடுத்து, ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை விடாதீங்க. பெயர் மாறலைன்னா, விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளரையே சேரும்னு உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாச் சொல்லியிருக்கு. "வண்டியை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு சார்"னு சொன்னா செல்லாது.

ஓட முடியாத நிலைன்னா, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் மட்டும் கொடுத்து வைப்புச் சான்று வாங்குங்க. அதைக் காட்டினா புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருது. வாங்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. பேட்டரியைக் கழற்றி காயலான் கடையில் போடாதீங்க. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

சுருக்கமா: பேட்டரி அறிக்கை, பாதுகாப்பு ஆய்வு, ஆர்.சி. தேதி, ஆண்டுச் செலவு. இந்த நாலையும் ஒரே தாளில் எழுதுங்க. மூணு சாதகமா இருந்து, பாதுகாப்பும் அதில் ஒண்ணா இருந்தா, வண்டியை வச்சுக்கோங்க. இந்த வாரமே செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: போனை எடுத்து உங்க ஆர்.சி. தேதியைப் பாருங்க.