பெயரைப் பார்த்தா, வேலையைப் பார்த்தா?

கடைக்கு ஆள் எடுக்கும்போது நாம் முதலில் கேட்பது, "யாருடைய மகன்? எங்கே படித்தவர்?" என்பதைத்தான். வரிப்பத்தான்சேனையில் மட்டுமல்ல, உலகின் பெரிய சட்ட நிறுவனங்களிலும் இதே நிலைதான்.

அமெரிக்கப் பேராசிரியை லோரன் ரிவேரா, முன்னணிச் சட்ட நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியன பட்டதாரிகளைத் தெரிவு செய்யும் முறையை ஆராய்ந்து 2015இல் நூலாக வெளியிட்டார். இந்நிறுவனங்கள் பெயர் பெற்ற சில பல்கலைக்கழகங்களைப் பட்டியலிட்டு, அங்கேயே ஆள் தேடுகின்றன. மற்ற இடங்களிலிருந்து வரும் விண்ணப்பங்கள், உள்ளே தெரிந்தவர் இல்லாவிட்டால், பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. நேர்முகப் பரீட்சையிலும் தம்மைப் போன்றவர்களையே நடத்துவோருக்குப் பிடிக்கிறது.

காரணம் என்ன? குவியும் விண்ணப்பங்களைப் பார்க்க நேரமும் பணமும் வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்கெனவே சலித்துத் தந்துவிட்டது என நிறுவனம் நம்புகிறது. ஆனால் அங்கே சலிக்கப்பட்டது பரீட்சைப் புள்ளி. வேலைத் திறமை அல்ல.

லண்டனின் கிளிபோர்ட் சான்ஸ் சட்ட நிறுவனம் இதை மாற்றிப் பார்த்தது. இறுதி நேர்முகத்தை நடத்துவோருக்கு, விண்ணப்பதாரி படித்த இடத்தைச் சொல்லவில்லை. அம்முறையின் முதலாண்டில் தெரிவான சுமார் 100 பயிலுனர்கள் 41 கல்வி நிறுவனங்களிலிருந்து வந்ததாக 2014இல் செய்தி வெளியானது. முந்திய ஆண்டைவிட இது ஏறத்தாழ 30 வீதம் அதிகம்.

எமது நாட்டில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சட்டமாணிப் பட்டம் பெற்றாலும், 1874இல் ஆரம்பமான சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தே சட்டத்தரணியாகலாம். தகுதி எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் கம்பனிச் சட்ட வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். பயிற்சிக்கு இடம் பிடிக்க அறிமுகமும் உதவும். பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கும் வியாபாரி, பட்டத்துக்கான செலவோடு இவ்விரண்டையும் ஆரம்பத்திலேயே திட்டமிட வேண்டும்.

நமது கடைக்கான பாடங்கள் மூன்று:

1. வந்த எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: ஒரு பில் போடுதல், இருப்பு எண்ணுதல், கடன் பாக்கியை மரியாதையோடு கேட்டு வாங்குதல்.

2. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

3. புள்ளியை எழுதிய பின்னரே ஊரையும் பாடசாலையையும் விசாரியுங்கள்.

நாம் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் திறமைசாலி வீட்டில் சும்மா இருக்கமாட்டார். நாளை அவர் பக்கத்துக் கடையில் நின்று நமது வாடிக்கையாளரை அழைப்பார்.