காக்கும் வழியும் அளவான உரிமையும்

நுழையும்முன்

தொலைவிலுள்ள சேவையகத்திற்குக் கோப்பு அனுப்புதல் இன்று நொடிப்பொழுதுப் பணி. அந்த நொடிக்குள் கடவுச்சொல் களவுபோகலாம். முழு அதிகாரத்துடன் நுழைந்தவரின் சிறு பிழையால் சேவையகமே சிதையலாம். இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திறந்த அஞ்சலட்டை

கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாறும் எஃப்.டி.பி. நெறிமுறையை 1971ஆம் ஆண்டு அபய் பூஷண் வகுத்தளித்தார். இவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். அக்காலத்தில் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் மிகச் சிலவே. ஆகவே, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அஞ்சலட்டையில் எழுதிய செய்திபோல மறைப்பின்றிச் சென்றன. வலையமைப்பு விரிந்தபின் இவ்வெளிப்படைத் தன்மையே ஆபத்தாயிற்று.

உறையிட்ட மடல்

1995ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இடைமறித்துத் திருடப்பட்டன. அங்கு ஆய்வாளராக விளங்கிய டாட்டு இலோனென், இதற்குத் தீர்வாக எஸ்.எஸ்.எச். நெறிமுறையை உருவாக்கினார். இதில் இரு கணினிகளும் முதலில் தமக்குள் ஒரு மறைத்திறவுகோலை அமைத்துக்கொள்கின்றன. அதன்பின் செல்லும் கடவுச்சொல், கட்டளை, கோப்பு ஆகிய அனைத்தும் மறையாக்கம் பெறுகின்றன. இடையில் கைப்பற்றுபவர் பொருளற்ற குறிகளையே காண்பார். இவ்வழியில் கோப்புகளை அனுப்பும் முறை எஸ்.எஃப்.டி.பி. எனப்படும்.

பேரதிகாரத்தின் ஆபத்து

வழி பாதுகாப்பானதாயினும் நுழைபவரின் அதிகாரம் அளவிறந்ததாயின் ஆபத்து நீங்காது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் தலைமை நிருவாகியின் கணக்கு ‘ரூட்’ எனப்படும். எக்கோப்பையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதற்கு உரிமையுண்டு. அக்கணக்கில் நேரடியாக நுழைவதால் மூன்று தீமைகள் விளைகின்றன. முதலாவது, அப்பெயர் உலகறிந்தது. தாக்குவோர் கடவுச்சொல்லை மட்டும் கண்டறிந்தால் போதும். இரண்டாவது, தவறான கட்டளையும் தடையின்றி நிறைவேறிவிடும். மூன்றாவது, பலர் ஒரே கணக்கில் நுழையின், ஒரு செயலைச் செய்தவர் யாரெனப் பதிவேட்டிலிருந்து அறிதல் அரிது.

அளவான உரிமை

ஒரு பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையே அதனைச் செய்பவருக்கு வழங்கப்படவேண்டும் என்னும் கோட்பாட்டை 1975ஆம் ஆண்டு சால்ட்சர், ஷ்ரோடர் ஆகிய இருவரும் தம் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துரைத்தனர். இதன்படி, ஒவ்வொருவரும் தமக்குரிய தனிக்கணக்கிலேயே நுழைதல் வேண்டும். கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவுகோல் இணையைப் பயன்படுத்தலாம். பொதுத்திறவுகோல் சேவையகத்தில் இருக்க, தனித்திறவுகோல் உரியவரிடமே தங்கும். கோப்பு அனுப்ப மட்டும் வருபவருக்கு ஒரேயொரு கோப்புறையைத் திறந்துவிட்டால் போதும். நிருவாகப் பணி நேரும்போது ‘சுடோ’ கட்டளையால் அப்பணிக்கு மட்டும் உயர் உரிமை பெறலாம். தனிக்கணக்கு இவ்வாறு இயங்குவதை உறுதிசெய்தபின்னரே, ரூட் கணக்கின் நேரடி நுழைவை அடைத்தல் வேண்டும். இன்றேல் நிருவாகியே வெளியில் நிற்க நேரும்.

இக்கட்டுப்பாடு நிருவாகியின் திறமையை ஐயுறுவதன்று. களைப்புற்ற வேளையில் அவர் இடும் ஒரு பிழையான கட்டளையிலிருந்து அவரையும், அவரை நம்பிக் கோப்புகளை ஒப்படைத்தோரையும் இது காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் மாணவர், ஆசிரியர், நிருவாகி ஆகியோருக்கு எவ்வெவ்வுரிமைகள் தேவை என்பதை அட்டவணைப்படுத்துக.
2. ‘ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்தல் தகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.